சந்து பொது என்றால் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று அர்த்தமா?

கேள்வி: நான் செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் இருக்கிறேன். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. மகனும் மகளும் வெளியூரில். 84 வயது மாமியாரும் நானும்தான் வீட்டில். எங்கள் வீடும் கொழுந்தனார் வீடும் (கணவரின் சித்தப்பச்சி மகன்) ஐயா (கணவரின் தாத்தா) கட்டிய இரட்டை வீடு. நடுவில் பத்தடிச் சந்து. சந்தின் கடைசியில் கொழுந்தனார் பங்குக்கு வந்த பழைய வில்வண்டிக் கொட்டில். 1974-இல் பாகம் பிரித்தபோது சந்தைப் பொதுவில் விட்டார்கள் என்று மாமியார் சொல்கிறார். முன்வாசலில் ஏழு படி. மாமியாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து சந்துக்குள் இருக்கும் பக்கவாசலில் ஆட்டோவை நிறுத்தித்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவேன். கொழுந்தனார் மகன் கார் வாங்கியதிலிருந்து அதைச் சந்தின் வாயிலேயே நிறுத்துகிறான். கேட்டால், "பத்தடியில் அஞ்சடி எங்களுது, எங்க பாதியிலதான் நிறுத்துறேன்" என்கிறான். பொங்கலுக்கு வந்த என் மகன் கோபத்தில் செங்கல்லையும் பூந்தொட்டிகளையும் சந்தில் அடுக்கிவிட்டுப் போய்விட்டான். அடுத்த முறை வந்தால் கேட் போட்டுப் பூட்டுவேன் என்கிறான். பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. வைகாசியில் படைப்பு (பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடுவது) வருகிறது. பாதி அவர்களுக்குச் சொந்தமா? போலீசில் சொல்லலாமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

ஆச்சி, முதலில் ஒன்று. தம்பி அடுக்கிய செங்கல்லையும் தொட்டிகளையும் இதைப் படித்த அன்றே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எடுப்பதற்கு முன் இப்போது இருக்கிற நிலையை, காரோடு சேர்த்து, நான்கு கோணத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பத்திரம். "மாமியார் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்த வழக்கின் உயிர் அந்த 1974 பாகப்பிரிவினைப் பத்திரத்தின் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. பெட்டகத்தில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் வாங்கலாம். சொத்து விவரத்தில், நான்கு எல்லை சொல்லி முடித்த பிறகு, சந்தைப் பற்றி ஒரு வாசகம் வரும். அது இரண்டு விதமாக இருக்கலாம்.

"சந்து இரு பங்குக்கும் பொது" என்று இருந்தால், அந்த நிலத்துக்கே நீங்களும் அவர்களும் கூட்டாக உரிமையாளர்கள். அப்படி இல்லாமல் சந்தின் நிலம் ஒரு பங்கில் சேர்ந்திருந்து, "மற்றவர் நடக்கவும் வண்டி போகவரவும் பாத்தியம் உண்டு" என்று இருந்தால், நிலம் ஒருவருடையது, அதன் மேல் மற்றவருக்குப் பாதை உரிமை மட்டும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் பேசுவது இந்த இரண்டாவது வகையைத்தான். கோர்ட்டில் நாங்கள் ஈஸ்மென்ட் என்போம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தாக்கல் செய்த வழக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன்னுடைய நிலத்தின் மேலேயே ஒருவர் ஈஸ்மென்ட் உரிமை கேட்க முடியாது. கூட்டுச் சொத்தில் போய் "இருபது வருஷமாக நடக்கிறேன், அதனால் பாதை உரிமை" என்று மனு எழுதினால், அந்த அடிப்படைப் பிழையிலேயே வருடங்கள் ஓடிவிடும்.

மாமியார் சொல்கிறபடி முதல் வகை என்றே வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்தடியில் ஐந்தடி அவர்களுடையதா? இல்லை. கூட்டுச் சொத்தில் பங்கு பாதி என்றால், ஒவ்வொரு அடியிலும் இரண்டு பேருக்கும் பாதி உரிமை இருக்கிறது என்று பொருள். நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் உன்னுடையது, அந்தப் பக்கம் என்னுடையது என்று ஆவது, முறைப்படி பாகம் பிரித்த பிறகுதான். உங்கள் ஐயா காலத்துக்குப் பிறகு வீட்டைப் பிரித்தவர்கள் சந்தைப் பிரிக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. பத்தடியை வெட்டினால் இரண்டு பக்கமும் வண்டி நுழையாத ஐந்தடிதான் மிஞ்சும். வில்வண்டி கொட்டிலுக்குப் போக வேண்டும், நெல் மூட்டை இறங்க வேண்டும். அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கணக்காகவும் அந்தப் பையன் சொல்வது நிற்காது. பல சின்னக் கார்களே ஐந்தரை அடி அகலம் வரும். பக்கக் கண்ணாடி தனி. கதவைத் திறந்து ஆள் இறங்க இன்னும் ஒன்றரை, இரண்டு அடி வேண்டும். சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் மீதி நான்கு அடிதான் இருக்கும். ஆட்டோவின் அகலமே அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆக "என் பாதி" என்று அவன் நிறுத்துகிற கார் உண்மையில் முழுச் சந்தையும் அடைக்கிறது. டேப் வைத்து அளந்து, படத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போதும் உதவும், நாளைக்கு வழக்கு என்று வந்தாலும் உதவும்.

ஒருவேளை பத்திரத்தில் இரண்டாவது வகை வாசகம் இருந்து, நிலம் கொழுந்தனார் பங்கில் சேர்ந்திருந்தால்? அப்போதும் உங்களுக்குள்ள பாதையை அவர்கள் அடைக்க முடியாது. "அந்தக் காலத்து வண்டி என்றால் மாட்டு வண்டி, ஆட்டோ இல்லை" என்று வாதம் வரலாம். சட்டத்தின் 23-ஆம் பிரிவு, எதிர்ப்பக்கத்து நிலத்துக்குக் கூடுதல் பாரம் ஏறாத வரை, உரிமையைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. நோயாளியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகிற ஓர் ஆட்டோ, மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியைவிடப் பாரம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நிலம் உங்கள் பங்கில் இருந்து, பாதை மட்டும் அவர்களுக்கு என்றால் இன்னும் எளிது. பாதை உரிமை என்பது போக, வர. ஆள் இறங்கவும் சாமான் ஏற்றவும் பத்து நிமிடம் நிற்பது அதில் அடங்கும். ராத்திரி பகலாக நிறுத்திவைப்பது அடங்காது.

பத்திரத்தில் சந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால்தான் இருபது வருடக் கணக்குக்குப் போக வேண்டும். சட்டத்தின் 15-ஆம் பிரிவு. யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவு இல்லாமல், இடைவிடாமல், உரிமையாக இருபது வருடம் நடந்திருக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: அந்த இருபது வருடம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிய வேண்டும். அடைத்த பிறகு "பார்த்துக்கொள்ளலாம்" என்று மூன்று வருடம் சும்மா இருந்தவர்கள் இந்த வாதத்தை இழந்திருக்கிறார்கள். அதோடு, சர்வே புல வரைபடத்தையும் பட்டாவையும் ஒரு முறை பாருங்கள். சந்து யார் பட்டாவிலும் இல்லாமல் பொதுப்பாதையாகக் காட்டியிருந்தால் விஷயமே வேறு. அப்போது பேரூராட்சியில் மனு கொடுக்க வேண்டும்.

சரி, இப்போது செங்கல்லுக்கு வருகிறேன்.

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. நடக்க முடியாத அப்பத்தாவை நாற்காலியில் வைத்து ஏழு படி தூக்கி இறக்குவதைப் பார்த்த பிள்ளைக்குக் கோபம் வராமல் இருக்காது. ஆனால் நாளைக்கு நீங்கள் உறுத்துக்கட்டளை (அடைக்கக் கூடாது என்ற தடை உத்தரவு) கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அந்தச் செங்கல் படத்தைத்தான். "இவர்களும்தான் அடைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை போதும். தடை நீக்கக் கேட்டு வருகிறவர் தன் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றம் விடாமல் பார்க்கும் விஷயம். ஈஸ்மென்ட் வகையில் சட்டமே நேராகச் சொல்கிறது, 36-ஆம் பிரிவில்: பாதையை ஒருவர் அநியாயமாக அடைத்தாலும், உரிமை உள்ளவர் தானாகப் போய் அந்தத் தடையை அகற்றக் கூடாது. காரைத் தள்ளுவது, காற்றைப் பிடுங்குவது, கீறுவது எதுவும் வேண்டாம். பொருளுக்குச் சேதம் என்று அவன் புகார் கொடுத்தால் தம்பிதான் வேலையை விட்டு ஸ்டேஷனுக்கு அலைவான். கேட்டும் அப்படித்தான். இரண்டு வீடும் சம்மதித்து, இரண்டு சாவி போட்டு வைக்கிற கேட் நல்லது. ஒருவர் மட்டும் போட்டுப் பூட்டுகிற கேட், அந்தக் காரைப் போலவே ஒரு தடை.

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். ஒருவர் போக உரிமை உள்ள வழியில் அவரைப் போகவிடாமல் தடுப்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவில் குற்றம்தான். ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் தனக்கு அடைக்க உரிமை இருக்கிறது என்று நல்லெண்ணத்தில் நம்பினால் குற்றமில்லை என்று அதே பிரிவில் விலக்கும் இருக்கிறது. அந்தப் பையன் "எங்க பாதி" என்று சொல்வது இந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள உதவும். அதனால் ஸ்டேஷனில் மனுவை வாங்கி, மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "சிவில் விஷயம், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். அடிதடி, மிரட்டல் என்று வந்தால் தயங்காமல் போங்கள். வெறும் காருக்காக இப்போது வேண்டாம். போலீஸ் வந்து போன சந்தில் மறுபடி பேச்சைத் தொடங்குவது மிகவும் கஷ்டம்.

எனக்கு இதில் பேச்சு முக்கியம், ஆச்சி. வக்கீல் இப்படிச் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பல வருடம் முன்பு இதே போல ஒரு சந்து வழக்கில் நான் வாதிக்காக ஆஜரானேன். பதினொரு வருடம் நடந்தது. நீதிமன்றம் அனுப்பிய வழக்குரைஞர் ஆணையர் வந்து அளந்து வரைபடம் போட்டார், அப்பீல் போனது, ஜெயித்தோம். ஜெயித்த அன்று வாதி உயிரோடு இல்லை. எதிர்த்தரப்பு வீட்டில் பூட்டுத் தொங்கியது. அவர்கள் பிள்ளைகள் ஊருக்கே வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். வாதியின் மகள் தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு, "இனி அந்தச் சந்தில் வண்டி விட யார் இருக்கா, வக்கீல் சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று வரை சந்து வழக்கு என்று யார் வந்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வரும்.

உங்கள் விஷயத்தில் பேச்சுக்கு நல்ல இடம் இருக்கிறது. அந்தக் கொட்டில்! கொழுந்தனார் மகன் ஏன் காரைச் சந்தின் வாயில் நிறுத்துகிறான் என்று யாராவது அவனிடம் கேட்டீர்களா? சந்தின் கடைசியில் சொந்தக் கொட்டிலை வைத்துக்கொண்டு ஒருவன் வாயில் நிறுத்துகிறான் என்றால் காரணம் இருக்கும். நம் ஊரில் பழைய கொட்டில்களில் பெரும்பாலும் கழற்றிய கதவும் நிலையும் தேக்குச் சட்டமும் அடைந்து கிடக்கும். அல்லது வில்வண்டிக்கு வைத்த வாசலில் கார் நுழையாது. அல்லது சந்தின் ஓரம் போகிற மழைநீர் வாய்க்காலின் மூடுகல் கார் பாரத்தில் உடைந்துவிடும் என்று பயம். இவை எல்லாம் பணத்தில் தீர்கிற காரணங்கள். கொட்டிலைக் காலி செய்து, வாசலை ஒன்றரை அடி அகலப்படுத்தினால் அவன் கார் நிழலில் பத்திரமாக நிற்கும், சந்து காலியாக இருக்கும். வாய்க்கால் மூடுகல் மாற்றும் செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். வாய்க்கால் இரண்டு வளவுத் தண்ணீரும் போகிற பொது வாய்க்கால்தானே. தர வேண்டிய பணம்தான் அது, ஆனால் நீங்கள் முன்வந்து சொல்லும்போது அவர்கள் காதில் வேறு மாதிரி விழும்.

யார் பேசுவது? நீங்கள் அந்தப் பையனோடு பேச வேண்டாம், தம்பியும் வேண்டாம். மாமியாரை வைத்துக் கொழுந்தனாரோடு பேசுங்கள். 1974-இல் பத்திரம் எழுதியபோது அந்த வீட்டில் இருந்தவர்களில் இன்று இருப்பது அவர்கள்தான் என்று நினைக்கிறேன். "உங்க ரெண்டு வீட்டு அப்பச்சியும் இந்தச் சந்தை ஏன் பிரிக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்று அவர்கள் வாயால் சொல்வதற்கு இருக்கிற மரியாதை எந்த வக்கீல் நோட்டீசுக்கும் இல்லை. படைப்புக்குப் பங்காளிகள் கூடுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. எல்லார் முன்னாலும் பேச்சு வந்தால் அந்தப் பையன் விட்டுக்கொடுத்ததாகத் தெரியும், அதற்காகவே பிடிவாதம் பிடிப்பான். தனியாகப் பேசி முடித்து, படைப்பன்று மூத்தவர்கள் இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுங்கள்.

கையெழுத்து என்றேனே, அதில் உறுதியாக இருங்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்று ஒப்பந்தம் எழுதுகிற ஊர் நம்முடையது. கடல் கடந்து கொண்டுவிற்ற (வட்டித் தொழில் செய்த) இடத்தில் ஒரு காசு விடாமல் பேரேட்டில் ஏற்றியவர்களின் வீடுகள் இவை. சந்துக்கு மட்டும் ஏன் வாய்ச்சொல்? எழுதுங்கள். சந்து நீளம், அகலம், நான்கு எல்லை. இது இரு வீட்டுக்கும் போகவர மட்டும், இதில் யாரும் வண்டியை நிறுத்திவைப்பதில்லை. ஏற்ற இறக்க இத்தனை நிமிடம். மற்றவர் கேட்டால் உடனே எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வர எந்நேரமும் ஏழு அடிக்குக் குறையாமல் வழி இருக்க வேண்டும். தரையும் வாய்க்காலும் பழுது பார்க்கும் செலவு சரிபாதி. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு என்று விசேஷம் வைக்கிற வீட்டார் முன்கூட்டிச் சொல்லிவிட்டு அன்றைக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வருடம் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு, ஒரு விசேஷத்துக்கு வந்த பத்துக் காரில் சண்டை மூண்ட வீடுகள் உண்டு.

இதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுங்கள். பதிந்தால் நாளைக்கு யாராவது பங்கை விற்றாலும், வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்கும்போது தெரியும். உங்கள் பக்கம் கையெழுத்து நீங்கள் ஒருவர் போட்டால் போதாது. கணவர் உயில் எழுதாமல் தவறியிருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மாமியார், மகன், மகள் நான்கு பேரும் வாரிசு. அவர்கள் பக்கமும் இப்படித்தான், கொழுந்தனாருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் சேர வேண்டும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பவர் கொடுத்து அனுப்பலாம்.

பேசியும் ஆகவில்லை என்றால், நேராக வழக்குக்குப் போக வேண்டாம். வட்ட சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி உத்தரவு வந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் இல்லை. அவர்கள் அதற்கும் வரவில்லை என்றால் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகையும் (உரிமை உண்டு என்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேட்டு வழக்கு. இடைக்காலத் தடை கேட்பதோடு, ஆணையரை அனுப்பி அளக்கவும் அப்போதே மனுப் போட வேண்டும். 1974 பத்திரம் முப்பது வருடம் தாண்டியது, முறையாக உங்கள் வசத்திலிருந்து வருகிறது என்றால் அதில் உள்ள கையெழுத்துகளை உண்மை என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். மாமியாரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், தேதி வாரியாக அந்தந்த நாளில் ஆட்டோ உள்ளே வர முடிந்ததா இல்லையா என்ற குறிப்பு, இரண்டையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.

அதுவரை மாமியாரை ஏழு படி தூக்கி இறக்க வேண்டாம். ஆஸ்பத்திரி நாள் முன்பே தெரியும் அல்லவா? முந்தின நாள் சாயங்காலம் கொழுந்தனாருக்கே போன் செய்து, "நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு அப்பத்தாவை அழைச்சிட்டுப் போகணும், வண்டியைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். குரல் உயர்த்தாமல், பழசு எதையும் எடுக்காமல். எடுத்தார்களா என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன், உங்கள் மாமியார் அவருக்கும் பெரியாத்தாதானே. பத்திரம் கிடைத்ததும் சந்தைப் பற்றிய பக்கத்தையும் கையெழுத்துப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வகை வாசகம் என்று பார்த்து, ஒப்பந்த வரைவை நானே எழுதித் தருகிறேன்.